முப்பத்து நாலரை

சலவைக் கடையின் ஓரத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஒரு தையல் மெஷினும் ஒரு முக்காலியும் மட்டும் கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருப்பவளை அந்தத் தெருவில் எல்லோருக்கும் இஞ்ச் அக்கா என்றால்தான் தெரியும். புதுத் துணி தைப்பது அவள் வேலையில்லை. கடையில் வாங்கின துணியை ஆளுக்குத் தக்கபடி பிடிப்பதும் விடுவதும்தான் அவள் வேலை. இளைத்தவர்கள் வந்து பிடிக்கச் சொல்வார்கள், பெருத்தவர்கள் வந்து விடச் சொல்வார்கள். பெருத்தவர்கள் மட்டும் சும்மா சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள், சலவையில் துணி சுருங்கிவிட்டது என்று ஒரு கதையும் சொல்வார்கள். பக்கத்திலேயே சலவைக்காரர் நின்றுகொண்டிருப்பார். அவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டுவதற்கு இஞ்ச் அக்கா பழகியிருந்தாள்.

இருபத்தைந்து வருஷத் தொழில் அவள் கண்ணைக் கெடுத்துவைத்திருந்தது. பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவரின் தோள் கால் இஞ்ச் இறங்கியிருப்பது தெரிந்துவிட்டால், இறங்கும்வரை அவளுக்கு வேறு நினைப்பு ஓடாது. ஆனாலும் கடைக்கு வருகிறவர்களைக் கண்ணால் அளந்துவிட்டு, டேப் வைத்தும் ஒருமுறை பார்த்துக்கொள்வாள். வீட்டு ஆட்களுக்கு மட்டும் டேப் கிடையாது. "வெளியாளுக்கு டேப்பு, வீட்டாளுக்குக் கண்ணு" என்பாள். தம்பிகள் இருவரின் மேலும் அவள் ஒரு நாளும் டேப் வைத்ததில்லை. அவள் தைத்துக்கொடுத்தது ஒரு நாளும் அவர்களுக்குப் பிடிக்காமல் போனதுமில்லை.

பெரியவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். அம்மா போனபோது சின்னவனுக்குப் பதினொரு வயது, அக்காவுக்கு இருபத்தாறு. அன்றிலிருந்து அவனுக்குத் தலை சீவிவிட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, முதல் வேலைக்கு முழுக்கால் சட்டை பிடித்துக் கொடுத்தது எல்லாம் இவள்தான். இடையில் இவளுக்கும் இரண்டு வரன் வந்தது. வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். சின்னவனுக்கு இடுப்பு முப்பத்திரண்டு. இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்தாறு வயதுவரை அது ஒரு நூல் அசைந்ததில்லை. தான் வளர்த்த ஒரு மரம் நட்ட இடத்திலேயே நிற்கிறது என்பதுபோல அக்காவுக்கு அதில் ஒரு பெருமை.

எட்டு மாதத்துக்கு முன்னால் சின்னவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். எதிரே பேசும்போது அக்கா அவளை "வாம்மா, உக்காரும்மா" என்பாள். மனசுக்குள் வைத்திருந்த பெயர் பல்லுக்காரி. சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும். அதுவும் இந்தப் பெண் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள்.

வருஷக் கடைசி விடுமுறையின் சனிக்கிழமை மதியம் எல்லோரும் அக்கா வீட்டில் சாப்பிடுவது வழக்கம். அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. யாரும் தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. அக்கா சமையலறையில் நின்று ஒவ்வொரு தட்டாக நிரப்பிக் கொடுப்பாள். கண்ணளவுதான். பெரியவனுக்கு உருளைக்கிழங்கு மூன்று, பட்டாணி அதிகம். அவன் மனைவிக்குக் கோழி இறக்கை இரண்டு. சின்னவனுக்குத் தொடை, தோல் எடுக்காமல். பெரியவனின் மகள் வாயாடிக்கு எல்லாவற்றிலும் பாதி, பழக்கலவையில் இரட்டிப்பு. தட்டு போகும்போதே அது யாருடையது என்று தெரியும். எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபிறகு அக்கா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி மீதியைச் சாப்பிடுவாள். அப்படி நின்று சாப்பிடுவதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இந்த வருஷம் பல்லுக்காரி வந்தாள். கையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம், அதில் வெண்ணெயில் வதக்கின கேரட்.

"அண்ணி, நீங்க ஏன் ஒத்தையா நின்னு கஷ்டப்படுறீங்க? எல்லாத்தையும் நடுவுல வச்சிடுவோம். அவங்கவங்க எடுத்துக்கட்டும். நீங்களும் எங்களோட வந்து உக்காருங்க."

"பரவால்லம்மா. எனக்குப் பழக்கம்."

"பழக்கம்னு சொல்லியே உங்களை நிக்க வச்சிருக்காங்க பாருங்க!" என்று பல்லுக்காரி சிரித்துக்கொண்டே கோழித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெரியவன் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருக்கா. இத்தனை வருஷமா எங்க யாருக்கும் இது தோணலியே!"

வேறென்ன செய்வது, உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கண்ணெதிரே ஒரு கொள்ளையே நடந்தது. பெரியவன் தொடையை எடுத்தான். அவன் மனைவி இறக்கையைத் தொடாமல் நெஞ்சுக்கறியைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, உனக்கு இறக்கைதானே?" என்று அக்கா கேட்டாள்.

"இல்ல அண்ணி… இறக்கை எனக்கு அவ்வளவாப் பிடிக்காது. நீங்க ஆசையா வைக்கும்போது எப்படிச் சொல்றதுன்னு…"

"பன்னண்டு வருஷமாவா?"

"பதிமூணு" என்றாள் வாயாடி, வாய் நிறையப் பழத்துடன்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அது கூடப் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். அடுத்தது நடந்ததைத்தான் விழுங்க முடியவில்லை. சின்னவன் கேரட்டை எடுத்தான். ஒரு கரண்டி போட்டுச் சாப்பிட்டான், மறுபடியும் ஒரு கரண்டி போட்டான். பதினொரு வயதிலிருந்து சூப்பில் போட்டாலும் தேடிப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் அடுக்கி வைக்கிறவன். கெஞ்சியும் மிரட்டியும், நட்சத்திரமாக வெட்டியும் பார்த்திருக்கிறாள் அக்கா.

"கேரட்டாடா சாப்பிடுற?"

"இவ செஞ்சா நல்லா இருக்குக்கா. நீயும் கொஞ்சம் போட்டுக்கோயேன்."

அக்கா ஒரு துண்டு போட்டுக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலே.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது சின்னவன் ஒரு பையை அவள் மடியில் வைத்தான். உள்ளே அவனுடைய சாம்பல் நிறப் பேன்ட். கல்யாணத்துக்கு முன்னால் அவளே பிடித்துக் கொடுத்தது.

"இடுப்பைக் கொஞ்சம் விட்டுக் குடுக்கா. நாளைக்கு ஏரிக்குப் போறப்போ போட்டுக்கணும்."

பேன்ட் இடுப்பில் குண்டூசி குத்தி ஒரு சீட்டு இருந்தது. பல் ஆஸ்பத்திரியில் அடுத்த முறை எப்போது வரவேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற சீட்டு. ஒரு பக்கம் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கிற பல் படம். மறுபக்கம் உருட்டி உருட்டி எழுதியிருந்தது: "இடுப்பு 34½".

"இது யாரு எழுதினது?"

"அவதான். வீட்டுல டேப் வச்சு அளந்தா. உனக்கு வேலை சுலபமா இருக்கும்னு."

அக்கா சீட்டை மறுபடி படித்தாள். அவன் எதிரே நின்றுகொண்டுதான் இருந்தான். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அவள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தம்பி இடுப்பை எனக்கு இன்னொருத்தி எழுதிக் கொடுப்பதா? அதுவும் அரையோடு!

"சரி, வச்சிட்டுப் போ" என்றாள்.

எல்லோரும் போன பிறகு சாயங்காலம் வீட்டு மெஷினில் உட்கார்ந்தாள். சீட்டைக் கிழித்துப் போடத்தான் எடுத்தாள். ஏனோ மனம் வராமல் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்துத் திணித்தாள். பிளேடால் பின்பக்கத் தையலைப் பிரித்தாள். உள்ளே விட்டிருந்த துணி தாராளமாக இருந்தது, முப்பத்தைந்து வரைக்கும் விடலாம். அவனுக்கு முப்பத்திரண்டு. எட்டு மாத விருந்துக்கு ஒரு இஞ்ச் சேர்த்துக்கொள்ளலாம், முப்பத்து மூன்று. அதற்கு மேலே என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? அந்தப் பெண்ணுக்கு டேப் பிடிக்கத் தெரியாது, எங்கேயோ தளர்த்திப் பிடித்திருப்பாள். இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, முப்பத்து மூன்றுக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு தையல் ஓட்டி, இஸ்திரி போட்டு மடித்தாள். வேலை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக ஒரு தப்பை அவள் அதுவரை செய்ததில்லை.

மறுநாள் காலை எல்லோரும் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சின்னவன் பேன்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனான். வெளியே வர நேரமானது. வந்தவன் நேராக, மிக நேராக நடந்துவந்தான்.

"சரியா இருக்காடா?"

"ம். சூப்பர்க்கா" என்றான், மூச்சை விடாமல்.

பல்லுக்காரி அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

ஏரிக்குப் போகும் பஸ்ஸில் இடம் இருந்தது. சின்னவன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உக்காரேன்டா" என்றான் பெரியவன்.

"பரவால்லண்ணா. வெளிய வேடிக்கை பாக்கலாம்."

"உக்காந்தா ஜன்னல் மூடிக்குமா?"

சின்னவன் கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டான். அக்கா அவன் முதுகைப் பார்த்து, தையல் ஒரு கோடாக இறங்கியிருக்கும் அழகைப் பார்த்து, மனசுக்குள் பல்லுக்காரியிடம் பேசிக்கொண்டு வந்தாள். பார்த்தியா? முப்பத்து நாலரையாம்!

ஏரியில் மிதி படகு வாடகைக்கு விடுகிறார்கள். வாத்து வடிவத்தில் மூன்று, கார் வடிவத்தில் ஒன்று. வாயாடிக்கு வாத்துதான் வேண்டும். "சித்தப்பா வந்தாத்தான் நான் ஏறுவேன்" என்று ஒரே பிடிவாதம். சின்னவன் நான்கு காரணம் சொல்லிப் பார்த்தான். கடைசியில் பலகையில் ஒரு காலை ஊன்றி, மறு காலை வாத்துக்குள் வைத்தான். வாத்து சும்மா இருக்கவில்லை, மெல்ல நகர்ந்தது. கால்கள் அகன்றன. முதலில் பொத்தான் தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. அடுத்து ஒரு சத்தம். படகுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"சித்தப்பா பேன்ட் கிழிஞ்சிருச்சு! பூப்போட்ட ஜட்டி!"

அரை ஏரிக்குக் கேட்டிருக்கும். பெரியவன் சிரித்துச் சிரித்துப் புல்தரையில் உட்கார்ந்துவிட்டான். பல்லுக்காரி ஓடிப்போய்த் தன் ஸ்வெட்டரைச் சின்னவன் இடுப்பில் கட்டி, கூடையில் இருந்த கட்டம்போட்ட மேஜைவிரிப்பையும் எடுத்துச் சுற்றிவிட்டாள். அவன் மரத்துக்குப் பின்னால் போய்ப் பேன்ட்டைக் கழற்றி நீட்டினான். அக்கா வாங்கிக்கொண்டாள். பின்பக்கத் தையல் இடுப்பிலிருந்து கீழே வரை வாய் திறந்து கிடந்தது.

"அக்கா தச்சது கிழிஞ்சா போச்சு?" பெரியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "உலக அதிசயமால்ல இருக்கு! அளவு எங்க போச்சுக்கா?"

இஞ்ச் அக்காவின் காது சுட்டது. ஊசியும் நூலும் எப்போதும் பையில் இருக்கும். கண்ணாடியை எடுக்கக் கூட்டைத் திறந்தாள். உள்ளே மடிந்து கிடந்த சீட்டில் பல் அவளைப் பார்த்துச் சிரித்தது. கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு படக்கென்று மூடினாள்.

அப்போது பல்லுக்காரி சொன்னாள்: "அண்ணி மேல தப்பில்லை. நான்தான் அளவைத் தப்பா எழுதிக் குடுத்துட்டேன்."

அக்கா நிமிர்ந்தாள். பல்லுக்காரி அவள் பக்கமே பார்க்காமல் ரொட்டியை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"புருஷன் இடுப்பு கூடவா உனக்குத் தெரியல?" என்றாள் பெரியவன் மனைவி. "என்ன பொண்ணும்மா நீ!"

"பல்லுன்னா கரெக்டா எண்ணுவா" என்றான் பெரியவன். "மத்ததெல்லாம் தோராயம்தான்."

ஒரு நிமிஷம் அக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. சத்தியமாகக் குளிர்ந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக யாரோ அந்தப் பெண்ணைக் குறை சொல்கிறார்கள். பேசாமல் இருந்துவிடலாம். சீட்டு இன்னும் தன்னிடம் இருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. இருபத்தைந்து வருஷப் பெயரும் அப்படியே நிற்கும். அவள் நூலை ஊசியில் கோத்தாள்.

மேஜைவிரிப்பு சின்னவன் இடுப்பில் இருந்ததால் சாப்பாட்டை வெறும் பாயில் பரப்பினார்கள். அவன் வந்து பல்லுக்காரி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் என்ன முப்பத்திரண்டுன்னு நெனச்சியா? உன் கண்ணுக்கு அவ்வளவு ஒல்லியாவா தெரியறேன்?" என்று சொல்லி அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். தன் தட்டிலிருந்த கோழித் தொடையை எடுத்து அவள் தட்டில் வைத்தான். "தப்புப் பண்ணினதுக்குப் பரிசு. சாப்பிடு."

ஊசி அக்காவின் விரலில் ஏறியது.

இது என்ன நியாயம்? தையலைக் கெடுத்த நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், தலையில் தட்டு வாங்குவது அவளா? கேரட்டைப் பிடுங்கிக்கொண்டாள், சரி. தட்டு போடுவதைப் பிடுங்கிக்கொண்டாள், அதுவும் சரி. கடைசியில் நான் செய்த தப்பையும் எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டு, அதற்கும் கோழித் தொடை சாப்பிடுகிறாளே! தப்பாவது எனக்கென்று இருக்கக் கூடாதா?

"நிறுத்துங்க" என்றாள் அக்கா. எல்லோரும் திரும்பினார்கள். அவள் கண்ணாடிக் கூட்டைத் திறந்து சீட்டை எடுத்துப் பாயின் நடுவில், ரொட்டிக்கும் பழத்துக்கும் இடையில் வைத்தாள். "சீட்டுல சரியாத்தான் எழுதியிருக்கு. முப்பத்து நாலரை. நான்தான் முப்பத்து மூணுக்குத் தச்சேன். இது என் தப்பு. அவளோடது இல்ல."

வாயாடி சீட்டை எடுத்து, "ஐ, சிரிக்கிற பல்லு!" என்றாள்.

"சீட்டு இருந்தும் ஏன்க்கா?" என்றான் சின்னவன்.

"ஏன்னா? உன்னை எனக்குத் தெரியாதா? பத்து வருஷத்துக்கு மேல முப்பத்திரண்டா இருந்தவன். திடீர்னு ஒரு சீட்டைக் குத்தி அனுப்பினா நான் நம்பணுமா?" குரல் எங்கோ ஒரு இடத்தில் பிசிறியது. அதை மறைக்க அவள் கோபத்தைக் கூட்டிக்கொண்டாள். "சரி, நான் தப்பாத் தச்சேன். உனக்கு எங்கடா போச்சு புத்தி? இறுக்குச்சுன்னா காலையிலயே சொல்லவேண்டியதுதானே? சூப்பர்னு சொல்லிட்டு மூச்சைப் பிடிச்சிக்கிட்டு வர்றான்!"

சின்னவன் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "நீ தச்சதாச்சே. போடாம எப்படி வர்றது?"

பல்லுக்காரிதான் பேசினாள். "நான் காலையிலயே சொன்னேன் அண்ணி, வேற பேன்ட்டு போட்டுக்கோங்கன்னு. கேக்கலையே. உங்க விஷயத்துல நான் சொன்னா எது எடுபடுது? டீ போட்டுக் குடுத்தாலும் அக்கா போடுற மாதிரி இல்லைன்னுதான் முதல் வாய் குடிப்பாரு. எட்டு மாசமா தினம் ரெண்டு தடவை. எனக்கு எப்படி இருக்கும்?"

அவள் சிரிக்காமல் பேசி அக்கா அன்றுதான் பார்த்தாள். அந்தக் குரல் பழகின குரலாக இருந்தது. எங்கே கேட்டோம் என்று யோசித்தாள். பஸ்ஸில் வரும்போது தானே மனசுக்குள் பேசிக்கொண்டு வந்தாளே, அதே குரல்.

டீ விஷயம் கேட்டு அவளுக்கு உள்ளே இனித்தது. இனித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் முகத்தில் காட்டாமல், "எழுந்திருடா" என்றாள்.

"எதுக்கு?"

"எழுந்திரு."

அவன் மேஜைவிரிப்போடு எழுந்து நின்றான். அக்கா பையிலிருந்து டேப்பை எடுத்தாள். பெரியவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "வீட்டாளுக்கு டேப்பா?" என்று மனைவியின் காதில் சொன்னான்.

அக்கா மண்டியிட்டு அவன் இடுப்பைச் சுற்றி டேப்பை ஓட்டினாள். முதல் தடவையாக நிமிர்ந்து நிதானமாக அவனைப் பார்த்தாள். கன்னம் நிறைந்திருந்தது. தோளில் சதை போட்டிருந்தது. வயிறு, சந்தேகமில்லாமல், வயிறு. நன்றாக இருக்கிறான் என்று எந்த டேப்பும் இல்லாமலே தெரிந்தது. தன் கையால் ஒரு நாளும் இவன் இப்படி ஆனதில்லை என்பதும் கூடவே தெரிந்தது. அது கொஞ்சம் குத்தத்தான் செய்தது. டேப்பில் எண்ணைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"முப்பத்தஞ்சு" என்றாள் உரக்க. "சீட்டும் தப்பு!"

"அண்ணி! மேஜைவிரிப்போட சேத்து அளந்தா அப்படித்தான் இருக்கும்!"

"ஒரு சுத்துத் துணி அரை இஞ்ச் வராதும்மா. நான் இதுலதான் இருக்கேன் இருபத்தஞ்சு வருஷமா."

"ரெண்டு சுத்து சுத்தியிருக்கேன்! ஸ்வெட்டரை வேற உள்ள விட்டிருக்கேன்!"

"அப்போ சாப்பிட்டது?" என்றான் பெரியவன். "ரெண்டு ரொட்டி, அதையும் கழிக்கணும்."

"என்னை விடுங்களேன் யாராவது" என்றான் சின்னவன், கையை மேலே தூக்கியபடி.

வாதம் தீரவில்லை. வாயாடி கார்ப் படகுக்கு ஓடினாள், அவள் பின்னால் அவள் அம்மா ஓடினாள். அக்கா மறுபடி உட்கார்ந்து பேன்ட்டை மடியில் விரித்து, சாக்பீஸ் இல்லாததால் நகத்தால் கோடு இழுத்தாள். முப்பத்தைந்துக்கு. பல்லுக்காரி பக்கத்தில் வந்து அமர்ந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

"அந்தச் சீட்டை எடு" என்றாள் அக்கா. "முப்பத்து நாலரையை அடிச்சிட்டு முப்பத்தஞ்சுன்னு எழுது. அடுத்த தடவை தேடவேண்டியிருக்காது."

"முப்பத்து நாலே முக்கால்னு எழுதட்டுமா அண்ணி?"

அக்கா யோசித்தாள். ஏரியில் காற்று அடித்து மேஜைவிரிப்பைத் தூக்கப் பார்த்தது. சின்னவன் இரண்டு கையாலும் அதை அமுக்கிக்கொண்டு நின்றான்.

"சரி. எழுதிக்கோ."

பையிலிருந்து பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தாள். டேப்பைச் சுருட்டித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.